அந்த முகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோமே!

சித்தூர், திருப்பதி வட்டாரத்துக் கதைகளைப் பிடித்துக்கொண்டு போனால் பழைய படங்களும் தூர்தர்ஷன் காலத்துத் தொடர்களும் ஒரே குடும்பம் என்பது தெரியவரும். அந்த உறவுகளைத் தேடும் சிறப்புக் கட்டுரை.

1939-ல் திருவேங்கடவன் கதையைப் படமாக எடுத்தார் பி. புல்லையா. பத்மாவதியாக நடித்தவர் சாந்தகுமாரி. 21 ஆண்டுகள் கழித்து, 1960 ஜனவரியில், அதே புல்லையா அதே கதையை ‘ஸ்ரீ வெங்கடேஸ்வர மகாத்மியம்’ என்று மறுபடியும் திரைக்குக் கொண்டுவந்தார். சீனிவாசனாக என்.டி.ராமாராவ், பத்மாவதியாக சாவித்திரி. சாந்தகுமாரியும் அந்தப் படத்தில் இருக்கிறார். சீனிவாசனை மகனாகப் பாவித்த வகுளமாதா அவர்தான். நாராயணவனத்து ஆகாசராஜனின் அரண்மனைக்குப் பெண் கேட்டுப் போகிறாள் வகுளமாதா. அதாவது, முந்தைய பத்மாவதியே புதிய பத்மாவதியைத் தன் வீட்டு மருமகளாகக் கேட்டு வருகிறார். இரண்டு படத்தையும் இயக்கிய புல்லையா, சாந்தகுமாரியின் கணவர்.

இன்னும் கொஞ்சம் பின்னால் போனால் ஆச்சரியம் கூடுகிறது. 1936-ல் வந்த ‘சசிரேகா பரிணயம்’ படத்தில் சசிரேகா வேடமும் சாந்தகுமாரிக்குத்தான். 1957-ல் கே.வி.ரெட்டியின் ‘மாயா பஜார்’ வந்தபோது அந்த வேடம் சாவித்திரிக்குப் போனது. ஆக, சசிரேகா, பத்மாவதி என்று இரண்டு வேடங்களையும் ஒரே நடிகையிடமிருந்து ஒரே நடிகை வாங்கிக்கொண்டிருக்கிறார்.

ஒரு படத்துக்கும் இன்னொரு படத்துக்கும், ஒரு படத்துக்கும் தொலைக்காட்சித் தொடரின் ஏதோ ஒரு பகுதிக்கும் இடையே ஓடும் இப்படிப்பட்ட இழைகளைக் கண்டுபிடிப்பது வெறும் பொழுதுபோக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. ஒரு மண்ணின் கதை ஒரு தலைமுறையிடமிருந்து அடுத்த தலைமுறைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதற்கு இவையே சாட்சி. இந்தச் சாட்சியங்களைத் தேட சித்தூர், திருப்பதி வட்டாரத்தைவிடப் பொருத்தமான இடம் குறைவு.

இரண்டு மொழி, இரண்டு அபிமன்யு

1911 வரை வட ஆற்காடு மாவட்டத்தின் தலைமையிடம் சித்தூர். 1953-ல் ஆந்திர மாநிலம் பிறந்தது. 1960 ஏப்ரலில் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானது. எல்லைக்கோடு எத்தனை முறை நகர்ந்தாலும் நகரி, புத்தூர், குப்பம் பக்கத்து மக்களின் வாயில் இரண்டு மொழியும் நிற்கின்றன. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு. சிலருக்கு அது அப்படியே தலைகீழ்.

இதனால் இந்தப் பக்கத்து ரசிகர்களுக்கு ஒரு வசதி. சென்னை ஸ்டுடியோக்களில் ஒரே சமயத்தில் இரு மொழியில் தயாரான படங்களை இரண்டு விதமாகவும் பார்க்க முடிந்தது. தெலுங்கு ‘மாயா பஜார்’ படத்தில் அபிமன்யு நாகேஸ்வரராவ். தமிழில் ஜெமினி கணேசன். கிருஷ்ணனாக ராமாராவும், கடோத்கஜனாக எஸ்.வி.ரங்காராவும், சாவித்திரியும் இரண்டிலும் உண்டு. ஒரே காட்சியை இரண்டு கதாநாயகர்களோடு ஒப்பிட்டுப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, பின்னாளில் தொலைக்காட்சியில் வந்த முகத்தைப் பழைய படத்தோடு பொருத்திப் பார்ப்பது கடினமாக இருக்கவில்லை.

சென்னைத் தொலைக்காட்சி 1975-ல் வந்தது, ஹைதராபாத் 1977-ல். வெள்ளிக்கிழமை என்றால் தமிழில் ‘ஒளியும் ஒலியும்’, தெலுங்கில் ‘சித்ரலஹரி’. பழைய படத்தின் பாடல் ஒன்று வந்தால் வீட்டுப் பெரியவர்கள் படத்தின் பெயர், ஆண்டு, பார்த்த கொட்டகை எல்லாவற்றையும் சொல்லுவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையானால் இந்தித் தொடர். அந்த மொழி புரியாவிட்டாலும் கதை புரிந்தது. ராமாயணத்தையும் பாரதத்தையும் இவர்கள் ஏற்கெனவே படமாகப் பார்த்திருந்தார்கள்.

சித்தூரார் ஏற்ற வால்மீகி

சித்தூர் என்ற ஊர்ப்பெயரைத் தென்னிந்தியத் திரையில் எழுதியவர் வி.நாகையா. 1904-ல் குண்டூர்ப் பக்கத்து ரேபல்லேயில் பிறந்தவர். சித்தூரில் ராமவிலாச சபையின் நாடக மேடையில் பெண் வேடம் உட்படப் பல வேடம் கட்டிப் பெயர் வாங்கியதால் சித்தூர் நாகையா ஆனார். தமிழ் ரசிகர்களுக்கு அவர் 1941-ன் ‘அசோக் குமார்’ படத்தின் அசோகர், 1945-ன் ‘மீரா’வில் ராணா, 1958-ன் ‘சம்பூர்ண ராமாயண’த்தில் தசரதர், ‘பாவ மன்னிப்பு’ படத்தில் சிவாஜியை வளர்த்த இஸ்லாமியத் தந்தை. தெலுங்கில் அவர் போத்தனா, தியாகய்யா, வேமனா. 1946-ல் ‘தியாகய்யா’வை அவரே தயாரித்து, இயக்கி, நடித்தார். கையில் வந்ததையெல்லாம் அள்ளிக் கொடுத்துவிட்டு, கடைசிக் காலத்தில் சின்னச் சின்ன வேடங்களில் நடித்து, 1973 டிசம்பரில் காலமானார்.

நாகையாவிடமிருந்து தொலைக்காட்சிக்குப் போகும் வழி 1963-ன் ‘லவகுசா’ படத்தில் இருக்கிறது. அதற்கும் ஒரு முன்கதை உண்டு. 1934-ல் சி.புல்லையா ‘லவகுசா’ எடுத்தார். (வேங்கடவன் படமெடுத்த பி.புல்லையா வேறு, இவர் வேறு.) தன் கதையையே பல ஆண்டுகள் கழித்து வண்ணத்தில் எடுக்கத் தொடங்கினார். பணமுடையால் வேலை இழுத்துக்கொண்டே போனது. அவருக்கு உடம்பு முடியாமல் போக, மகன் சி.எஸ்.ராவ் முடித்து வைத்தார். ராமாராவ் ராமனாகவும் அஞ்சலிதேவி சீதையாகவும் நடித்த அந்தப் படம்தான் தெலுங்கின் முதல் முழு வண்ணப்படம். அதில் ஆசிரமத்தில் இரண்டு பிள்ளைகளுக்கும் ராமகதையைப் பாடிக் கற்றுத்தரும் வால்மீகி, நம் சித்தூரார்.

இனி 1988-க்கு வாருங்கள். ராமானந்த் சாகரின் ‘ராமாயண்’ 1987 ஜனவரி 25-ல் தொடங்கி, 78 பகுதிகளோடு 1988 ஜூலை 31-ல் ராமர் பட்டாபிஷேகத்தோடு முடிந்தது. லவகுசர் கதை அதில் இல்லை. வால்மீகியைத் தங்கள் குலமுதல்வராக வணங்கும் வட இந்தியத் துப்புரவுத் தொழிலாளர்கள், அந்தக் கதையும் வேண்டும் என்று வேலைநிறுத்தமே செய்தார்கள். அதன்பிறகு உத்தர ராமாயணம் தனித் தொடராக வந்தது. வால்மீகி ஆசிரமத்தில் இரண்டு சிறுவர்கள் பாடம் கேட்கும் காட்சிகள் வந்தபோது, சித்தூர்ப் பக்கத்து ரசிகர்களுக்கு அது புதுக்கதை அல்ல. நாகையாவின் குரலில் கேட்டுவிட்ட கதை.

அந்தத் தொடரில் குசனாக வந்த சிறுவன் ஸ்வப்னில் ஜோஷி. 1993-ல் அதே சாகர் ‘ஸ்ரீ கிருஷ்ணா’ எடுத்தபோது இளவயதுக் கிருஷ்ணன் அவர்தான். பிறகு மராத்திப் படங்களின் கதாநாயகன் ஆனார். 2011-ல் பாபு இயக்கிய ‘ஸ்ரீ ராம ராஜ்யம்’ படத்தில் லவகுசர் கதை மறுபடி வந்தது. அதில் வால்மீகியாக நடித்தவர் நாகேஸ்வரராவ், 1957-ன் அபிமன்யு.

வாலை நீட்டிப் படுத்த பழைய பீமன்

தொடரில் வந்த முகங்களை எங்கே பார்த்தோம் என்று கேட்கத் தொடங்கினால் முதலில் நிற்பவர் தாரா சிங். ‘ராமாயண்’ தொடரில் அனுமனாக அவரை நாடே கும்பிட்டது. ஆனால் அனுமன் வேடம் அவருக்கு அன்று வந்ததல்ல. 1976-ல் ‘பஜ்ரங்பலி’ என்ற இந்திப் படத்தில் அவர் அனுமனாகவே நடித்துவிட்டார். பதினொரு ஆண்டுகளுக்குப் பிறகு, அறுபதை நெருங்கும் வயதில், அதே வேடத்தைத் தொலைக்காட்சியில் மீண்டும் ஏற்றார்.

இதைவிட அழகான இணைப்பு ஒன்று பி.ஆர்.சோப்ராவின் ‘மகாபாரத்’ தொடரில் இருக்கிறது. 1965-ல் பாபுபாய் மிஸ்திரி இயக்கிய ‘மகாபாரத்’ இந்திப் படத்தில் பீமனாக நடித்தவர் தாரா சிங். திரௌபதி நம் பத்மினி. சோப்ராவின் தொடர் 1988 அக்டோபர் 2-ல் தொடங்கியது. அதில் பீமன், ஆசிய விளையாட்டில் வட்டெறிதலில் தங்கம் வாங்கிய பிரவீன்குமார். காட்டு வழியில் கிழக்குரங்கு ஒன்று வாலை நீட்டிப் படுத்திருக்கிறது. வாலை எடு என்கிறான் பீமன். முடிந்தால் நீயே நகர்த்திக்கொண்டு போ என்கிறது குரங்கு. பீமன் பலமெல்லாம் கூட்டியும் வால் அசையவில்லை. அந்தக் கிழக்குரங்காக வந்த அனுமன், தாரா சிங். பழைய படத்தின் பீமன் வழியை மறித்துப் படுத்து, புதிய பீமனின் செருக்கை அடக்குகிறார். அண்ணன் தம்பிக்குப் பாடம் சொல்லும் புராணக் காட்சிக்குள், ஒரு தலைமுறை நடிகர் அடுத்த தலைமுறைக்குப் பாடம் சொல்லும் காட்சியும் கலந்துவிட்டது.

உஜ்ஜயினியிலிருந்து திருப்பதி வரை

முகத்தை வைத்துக் கண்டுபிடிப்பது முதல் படி. கதையின் எலும்பை வைத்துக் கண்டுபிடிப்பது அடுத்த படி. இதற்கு நல்ல பாடம் 1951-ன் ‘பாதாள பைரவி’. விஜயா நிறுவனத்தின் தயாரிப்பு. நாகிரெட்டியும் சக்ரபாணியும் தயாரிப்பாளர்கள், கே.வி.ரெட்டி இயக்குநர், மார்க்கஸ் பார்ட்லி ஒளிப்பதிவாளர்.

உஜ்ஜயினி நாட்டில் தோட்டக்காரியின் மகன் ராமன், இளவரசியைக் காதலிக்கிறான். செல்வம் கொண்டுவந்தால் பெண் தருவதாக மன்னன் சொல்கிறான். அந்த நேரத்தில் நேபாள மந்திரவாதி வருகிறான். ரங்காராவ் ஏற்ற அந்த வேடத்தை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். சாகசத்துக்கு அஞ்சாத ஓர் இளைஞனைப் பாதாள பைரவிக்குப் பலி கொடுத்தால் கேட்டதெல்லாம் தரும் சிலை தனக்குக் கிடைக்கும் என்பது அவன் கணக்கு. ராமனை ஏமாற்றி அழைத்துப் போகிறான். சாபத்தால் முதலையாகிக் கிடந்த பெண் ஒருத்தி ராமனை எச்சரிக்கிறாள். கடைசியில் பலியாவது மந்திரவாதிதான்.

இப்போது 1985-ல் தூர்தர்ஷனில் வந்த ‘விக்ரம் அவுர் பேத்தால்’ தொடரை நினைத்துப் பாருங்கள். உஜ்ஜயினி மன்னன் விக்கிரமாதித்தன். ஒரு யோகி அவனிடம் வந்து, மரத்தில் தொங்கும் வேதாளத்தைச் சுமந்துவரச் சொல்கிறான். பதினோராம் நூற்றாண்டில் சோமதேவர் எழுதிய ‘கதாசரித்சாகர’த்தில் இந்தக் கதையின் முடிவு இருக்கிறது. மன்னனை விழுந்து வணங்கச் சொல்லி, தலையை வெட்டிவிடுவது யோகியின் திட்டம். வேதாளம் அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. எனக்கு வணங்கத் தெரியாது, நீங்களே செய்து காட்டுங்கள் என்கிறான் மன்னன். யோகி குனிகிறான். மன்னன் வாளை வீசுகிறான்.

ஊர் உஜ்ஜயினி. பலியிட வந்தவனே பலியாவது. எச்சரிக்கும் மாய உயிர். படம் மதிர சுப்பன்ன தீட்சிதரின் ‘காசி மஜிலி’ கதைகளிலிருந்து பிறந்தது, தொடர் சோமதேவரிடமிருந்து. ஒன்றைப் பார்த்து ஒன்று எடுத்ததாகச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டும் ஒரே பழைய கதை மரபின் பிள்ளைகள்.

இடையில் ஒரு பாலமும் உண்டு. நாகிரெட்டியும் சக்ரபாணியும் படமெடுக்கும் முன்பே, 1947 ஜூலையில் குழந்தைகள் இதழ் தொடங்கிவிட்டார்கள். தெலுங்கில் ‘சந்தமாமா’, தமிழில் ‘அம்புலிமாமா’. விக்கிரமன் வேதாளக் கதைகள் அதில் பல பத்தாண்டுகள் வந்தன. பழைய கதைகள் தீர்ந்த பிறகும் அதே சட்டத்தில் புதுக்கதைகளை எழுதிக்கொண்டே இருந்தார்கள். உருவிய வாளோடும் தோளில் வேதாளத்தோடும் நடக்கும் மன்னனின் படத்தைத் தீட்டியவர் ஓவியர் சங்கர். 2020-ல், 96 வயதில், சென்னையில் காலமானார். தொலைக்காட்சியில் வேதாளம் வந்தபோது, அதைத் தோளில் எப்படிச் சுமக்க வேண்டும் என்று தென்னிந்தியப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. சங்கர் காட்டிவிட்டார்.

‘விக்ரம் அவுர் பேத்தால்’ தொடரில் விக்கிரமனாக வந்தவர் அருண் கோவில். யோகி, அரவிந்த் திரிவேதி. இரண்டே ஆண்டில் முன்னவர் ராமன், பின்னவர் ராவணன். மன்னனைப் பலியிட வந்த யோகியும் அந்த மன்னனும் இலங்கைப் போர்க்களத்தில் மறுபடி எதிரெதிரே நின்றார்கள். சீதையாக நடித்த தீபிகாவும் இந்தத் தொடரில் நடித்தவர்தான்.

கதை திருப்பதிக்குத் திரும்பி வருகிறது. ‘பாதாள பைரவி’யைத் தயாரித்த நாகிரெட்டி 1980-களின் தொடக்கத்தில் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் தலைவராக இருந்தார். பக்தர்கள் வரிசையில் காத்திருக்கும் வைகுண்டம் வளாகம் அவர் காலத்துப் பணி. அந்தப் படத்தின் நாயகன் ராமாராவ் 1983 தேர்தலில் குடிவாடா, திருப்பதி இரண்டு தொகுதியிலும் வென்று முதலமைச்சரானார். 1960-ல் திரையில் வேங்கடவனாக நின்றவர், 23 ஆண்டுகளில் வேங்கடவனின் ஊருக்குச் சட்டமன்ற உறுப்பினராக வந்து நின்றார். அந்தப் படத்துக்குப் பிறகு திருமலை போய்வந்த ஆந்திரத்து பக்தர்கள், சென்னை தியாகராயநகரில் அவர் வீட்டு வாசலில் காலைநேரத்தில் கூடி அவரையும் தரிசித்துவிட்டுப் போனார்கள் என்பது அக்காலத்தவர் எல்லாரும் அறிந்த செய்தி.

தொலைக்காட்சிக்கு முன்பே ஒரு படப்பெட்டி

‘மாயா பஜார்’ படத்தில் நிறுத்தி நிதானமாகப் பார்க்க வேண்டிய காட்சி ஒன்று உண்டு. பிரியதர்சினி என்றொரு மாயப் பேழை. யார் திறக்கிறார்களோ அவர்கள் மனத்தில் இருப்பது அதில் தெரியும். சசிரேகா திறக்கிறாள். பேழைக்குள் அபிமன்யு அசைகிறான், சிரிக்கிறான், பாடுகிறான். இங்கே இவள், அங்கே அவன். நடுவில் பெட்டிக்குள் ஓடும் படம் மட்டும். கிருஷ்ணன் பார்க்கும்போதோ சகுனி தோன்றுகிறான்.

இந்தப் படம் வந்தது 1957. இந்தியாவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு டெல்லியில் சோதனையாகத் தொடங்கியதே 1959 செப்டம்பரில். கணினி இல்லாத அந்தக் காலத்தில், பேழைக்குள் உருவத்தைப் பொருத்தியது மார்க்கஸ் பார்ட்லியின் கேமரா வித்தை. லட்டுகள் தாமாக எழும்பிக் கடோத்கஜனின் வாய்க்குள் போவதும் அதே கையின் வேலை. ஞாயிறு காலையில் வீட்டுப் பெட்டிக்குள் கிருஷ்ணனைக் கண்ட தலைமுறைக்கு முன்பே, பெட்டிக்குள் மனிதரைக் காணும் கற்பனையை வடபழனி வாகினி ஸ்டுடியோவில் படம்பிடித்துவிட்டார்கள்.

குழலும் தாயமும்

1986-ல் கே.விஸ்வநாத் ‘சிரிவெண்ணெல’ எடுத்தார். பார்வையற்ற புல்லாங்குழல் கலைஞனின் கதை. நாகர்கோவில்காரரான கே.வி.மகாதேவனின் இசை, ஹரிபிரசாத் சௌராசியாவின் குழல். அந்தக் கலைஞனாக நடித்தவர் சர்வதமன் பானர்ஜி என்ற வங்காளி நடிகர். அதற்கு முன் ஜி.வி.ஐயரின் சம்ஸ்கிருதப் படத்தில் ஆதிசங்கரர் அவர். 1993-ல் சாகரின் ‘ஸ்ரீ கிருஷ்ணா’ தொடரில் வளர்ந்த கிருஷ்ணனாக அவர் வந்தபோது, விஸ்வநாத் படத்தை அறிந்தவர்களுக்கு அந்தக் கையில் குழலைப் பார்ப்பது இரண்டாவது முறை. சம்ஸ்கிருதப் படம், தெலுங்குப் படம், இந்தித் தொடர். மூன்றிலும் அந்த அமைதியான கண்கள்தான்.

இணைப்பு எப்போதும் படத்திலிருந்து தொடருக்கு என்று ஒரே திசையில் போவதில்லை. 2013-ல் தொடங்கிய புதிய ‘மகாபாரத்’ தொடரில் கிருஷ்ணனாக வந்தவர் சௌரப் ராஜ் ஜெயின். தமிழிலும் அந்தத் தொடரைப் பார்த்திருக்கிறோம். 2017-ல் கே.ராகவேந்திர ராவ் ‘ஓம் நமோ வெங்கடேசாய’ எடுத்தபோது வேங்கடவனாக அவரையே போட்டார். திருமலையில் ஆண்டவனோடு தாயம் ஆடியதாகச் சொல்லப்படும் ஹாதிராம் பாவாஜியின் கதை அது. 1843 முதல் 1933 வரை திருமலைக் கோயில் நிர்வாகம் ஹாதிராம் மடத்து மகந்துகளின் கையில்தான் இருந்தது. பாரதத் தொடரில் சகுனியின் தாயத்தால் வந்த கேட்டைத் தீர்த்த கிருஷ்ணன், இங்கே பக்தனோடு அன்பாகத் தாயம் உருட்டுகிறான்.

எல்லாவற்றுக்கும் முந்தைய தொடர்

இத்தனை இழைகளும் எங்கிருந்து வருகின்றன? சித்தூர் மாவட்டத்துத் திரௌபதி அம்மன் கோயில்களுக்கும் தர்மராஜா கோயில்களுக்கும் திருவிழா நேரத்தில் போனால் விடை கிடைக்கும். அங்கே மகாபாரதம் பதினெட்டு நாள் நடக்கும். பகலில் ஹரிகதை, இரவில் கூத்து. இன்றைக்கு எந்தக் கட்டம் என்று ஊருக்கே தெரியும். பகாசுரனுக்கு வண்டியில் சோறு போகும் நாள், அர்ஜுனன் உயரமான மரத்தில் ஏறித் தபசு செய்யும் நாள், மண்ணால் செய்த துரியோதனனைக் கிடத்திப் படுகளம் நடக்கும் நாள், முடிவில் தீமிதி. எல்லைக்கு இந்தப் பக்கம் வட ஆற்காடு, தென்னாற்காடு ஊர்களிலும் இதே முறைதான்.

பதினெட்டு நாள், நாளுக்கு ஒரு பகுதி, நாளைக்கு என்ன என்ற எதிர்பார்ப்பு. தொலைக்காட்சித் தொடரின் இலக்கணம் இதுவே. ஒரே பாரதத்தை ஆண்டுதோறும் வெவ்வேறு கூத்தர்களிடம் பார்த்து, போன வருஷத்துப் பீமனையும் இந்த வருஷத்துப் பீமனையும் ஒப்பிட்டுப் பேசிய மக்கள்தான், பின்னால் படத்தையும் தொடரையும் ஒப்பிட்டார்கள். நாகையா நாடக மேடையிலிருந்து வந்தவர். சாகரின் ராமாயணத் தொடரும் துளசிதாசர், வால்மீகியோடு நம் கம்பரையும் தெலுங்கு ரங்கநாத ராமாயணத்தையும் மூலங்களாகத் தொடக்க எழுத்திலேயே சொன்னது.

பார்வையாளரின் பக்தியிலும் இந்தத் தொடர்ச்சியைக் காணலாம். 1960-ல் வேங்கடவன் படம் ஓடிய கொட்டகைகளில் சாமி சிலையும் உண்டியலும் வைத்தார்கள். 1975-ல் ‘ஜெய் சந்தோஷி மா’ படத்துக்குச் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனார்கள், திரையை நோக்கிக் காசு வீசினார்கள். 1987-ல் ராமாயணம் வரும் நேரத்துக்குத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு மாலை போட்டு விளக்கேற்றினார்கள். படுகள மண்ணை எடுத்துப் பூசிக்கொள்ளும் மக்களுக்கு இது ஒன்றும் புதிதல்ல.

எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் தொடக்க எழுத்துகளைத் தள்ளிவிடாமல் பாருங்கள். நடிகர் பெயர் மட்டும் போதாது. ஒளிப்பதிவு, கலை, ஒப்பனை, இசை என்று எல்லாப் பெயரையும் பாருங்கள். அடுத்து, கதையின் மூலத்தைத் தேடுங்கள். சசிரேகா கல்யாணம் வியாச பாரதத்தில் இல்லை. அது மக்கள் சொல்லி வளர்த்த கதை. ஆகவே ஒரு தொடரில் அது வந்தால், அந்தத் தொடருக்கு நாட்டுப்புறக் கதையோ நம் பழைய படங்களோ தெரிந்திருக்கிறது என்று பொருள். மூன்றாவதாக, ஆண்டுகளை வரிசைப்படுத்துங்கள். எது முந்தியது என்று தெரியாமல் உறவு சொல்ல முடியாது.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். ஒன்றுபோல இருப்பதெல்லாம் பார்த்து எடுத்தது ஆகாது. வானத்தில் இரண்டு அம்பு மோதுவதும், தாமரையில் தேவி நிற்பதும் எல்லாப் புராணப் படத்திலும் உண்டு, எல்லாத் தொடரிலும் உண்டு. ரவிவர்மா அச்சுப்படங்களும் நாடகத் திரைச்சீலைகளும் இருவருக்கும் பொதுச்சொத்து. சாட்சி இல்லாமல் ‘காப்பி’ என்று சொல்லிவிடுவது, உழைத்தவர்களுக்கு நாம் செய்யும் அநியாயம்.

ஏன் இப்போதே?

1931-ல் வந்த ‘காளிதாஸ்’ தமிழின் முதல் பேசும்படம். அதில் தமிழும் பேசினார்கள், தெலுங்கும் பேசினார்கள். சித்தூர்ப் பக்கத்து வீடு மாதிரி இரண்டு மொழியும் சேர்ந்து ஒலித்த அந்தப் படத்தின் பிரதி இன்று இல்லை. இந்தியாவில் எடுத்த 1,300-க்கும் மேற்பட்ட மௌனப் படங்களில் மிஞ்சியவை மிகச் சொற்பம். புனே திரைப்பட ஆவணக் காப்பகம் 1964-ல் தொடங்குவதற்குள் எத்தனையோ சுருள்கள் போய்விட்டன. தொலைக்காட்சியின் கதையும் அதேதான். தொடக்க காலத்தில் பல நிகழ்ச்சிகள் நேரடியாகவே போயின. பதிவு செய்தவற்றிலும் பல, நாடாவின் விலை கருதி, அதன் மேலேயே வேறு நிகழ்ச்சியைப் பதிவு செய்ததால் அழிந்தன.

படமும் நாடாவும் போன இடத்தில் மிஞ்சியிருப்பது பார்த்தவர்களின் ஞாபகம் மட்டுமே. 1960-ல் பத்து வயதில் வேங்கடவன் படம் பார்த்தவர்களுக்கு இன்று எழுபதுக்கு மேல். ‘இந்த அம்மாதான் முன்னே பத்மாவதியா நடிச்சது’ என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள். 2020 மார்ச் 28 முதல் ஊரடங்கு நாட்களில் ராமாயணத் தொடர் மறுஒளிபரப்பானபோது, பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து அவர்கள் சொன்ன இப்படிப்பட்ட செய்திகளை எத்தனை வீட்டில் குறித்துவைத்தார்கள்?

சித்தூரில் நாகையா பெயரில் கலைமன்றம் இருக்கிறது. சென்னை பனகல் பூங்காவில் அவருக்குச் சிலை இருக்கிறது. வகுளமாதாவுக்குத் திருப்பதி அருகே பேரூர்க் குன்றில் இருந்த பழைய கோயிலைப் புதுப்பித்து 2022-ல் குடமுழுக்கும் நடத்திவிட்டார்கள். திருப்பதியில் தேவஸ்தானத்தின் பக்திச் சேனல் 2008 முதல் நடக்கிறது. சிலை, மன்றம், சேனல் மூன்றும் உள்ள இந்த வட்டாரத்தில், இங்கே பிறந்த கதைகள் எந்தெந்தப் படத்தில், எந்தெந்தத் தொடரில், யார் யார் முகத்தில் வந்தன என்ற முழுப் பட்டியல் ஒன்றும் இருக்க வேண்டாமா? கல்லூரித் தமிழ், தெலுங்குத் துறைகள் சேர்ந்து முயன்றால் ஒரே கல்வியாண்டில் நல்ல தொடக்கம் செய்துவிடலாம். தேவஸ்தானச் சேனல் அதற்கு ஒரு வார நிகழ்ச்சி ஒதுக்கினால் மக்களே விவரம் கொண்டுவந்து கொட்டுவார்கள்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுப் பெரியவரோடு பழைய படம் ஒன்றைப் பாருங்கள். முகம் ஒன்று வந்ததும் படத்தை நிறுத்துங்கள். ‘இவரை வேற எதுல பார்த்தீங்க தாத்தா?’ என்று கேளுங்கள். அவர் சொல்லும் படத்தின் பெயர், ஆண்டு, வேடம், பார்த்த கொட்டகை நான்கையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். ஊருக்குப் பத்து வீடு இதைச் செய்தால் போதும், எந்தக் காப்பகத்திலும் இல்லாத வரலாறு நம் கையில் இருக்கும்.